மாத்தான்சாஸ் கோட்டை: 50 அடிச் சதுரக் கல்கட்டு ஒரு நகரத்தை எப்படிக் காத்தது?

கோட்டைத்தேடல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. புளோரிடாவின் கிழக்குக் கரையில் ராட்டில்ஸ்னேக் தீவின்மேல் ஸ்பானியர் கட்டிய மாத்தான்சாஸ் கோட்டையைப் பற்றிச் சில கேள்விகள். செயிண்ட் அகஸ்டின் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 14 மைலில் இருக்கிறது. 1740 முதல் 1742 வரை கட்டியிருக்கிறார்கள்.

அளவைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. ஒரு பக்கம் 50 அடிதான். கோபுரம் 30 அடி உயரம். ஐந்து பீரங்கி. வழக்கமான காவல் ஓர் அதிகாரி, நான்கு காலாட்கள், இரண்டு பீரங்கிக்காரர்கள், ஆக மொத்தம் ஏழே பேர். அதே ஸ்பானியர்கள் நகரத்தில் சான் மார்கோஸ் கோட்டையை நான்கு மூலைக் கொத்தளத்தோடும் அகழியோடும் பிரம்மாண்டமாகக் கட்டியவர்கள். அவர்களே இங்கே இவ்வளவு சிறியதாகக் கட்டியது ஏன்?

அடுத்தது, தீவு முழுக்கச் சதுப்பு. ஓதம் ஏறினால் புல்லெல்லாம் முங்கும். அதன்மேல் கல் கட்டடம் இத்தனை காலம் எப்படி நின்றது? மாத்தான்சாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் படுகொலைகள் என்று பொருளாம். அந்தக் கொலைகள் நடந்தது இந்தக் கோட்டையிலா?

---

காயல்கரை எழுதியது:

பெயர் விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் குழம்பும் இடம் அது. கொலைகள் நடந்தது 1565-இல். கோட்டைக்கு அஸ்திவாரம் போட அதற்குப்பின் 175 ஆண்டுகள் ஆயின. பெயர் முதலில் முகத்துவாரத்துக்கு வந்தது, அங்கிருந்து ஆற்றுக்கும் பிறகு கோட்டைக்கும் ஒட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். ழான் ரிபோ தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் புதிதாக முளைத்த செயிண்ட் அகஸ்டினைத் தாக்க வந்தன. புயல் அவற்றைத் தெற்கே அடித்துக்கொண்டுபோய் உடைத்தது. பிழைத்தவர்கள் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்தார்கள். முகத்துவாரம் வந்ததும் வழி நின்றுபோனது, கடக்கப் படகு இல்லை. எதிர்க்கரையில் ஸ்பானியத் தளபதி பெத்ரோ மெனெந்தெஸ் தெ அவிலெஸ் தன் வீரர்களோடு காத்திருந்தார். சரணடைந்தவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து, கையைக் கட்டி, மணல்மேட்டுக்குப் பின்னால் நடத்திப்போய் வெட்டினார்கள். செப்டம்பர் 29-இல் ஒருமுறை, அக்டோபர் 12-இல் ரிபோவையும் சேர்த்து மறுமுறை. மொத்தம் கிட்டத்தட்ட 250 பேர். கத்தோலிக்கர் என்று சொன்ன சிலரும் கைத்தொழில் தெரிந்த சிலரும் மட்டும் தப்பினார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கான விடையும் இந்தச் சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களைத் தடுத்து நிறுத்தியது அந்த முகத்துவாரத்தின் தண்ணீர். நடந்து வருபவனுக்கு அது தடை. படகில் வருபவனுக்கோ அதுவே திறந்த வாசல்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செயிண்ட் அகஸ்டினுக்கு எதிரே நீளமாகக் கிடப்பது அனஸ்தாசியா தீவு. அதன் வடமுனையில் நகரத்தின் சொந்த முகத்துவாரம். அதைச் சான் மார்கோஸ் கோட்டையின் பீரங்கிகள் பார்த்துக்கொள்ளும். தென்முனையில் மாத்தான்சாஸ் முகத்துவாரம். இரண்டையும் இணைத்துத் தீவுக்குப் பின்புறமாக ஓடுவது மாத்தான்சாஸ் ஆறு. ஆறு என்று பெயரே தவிர, உண்மையில் அது ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழி. தென்வாசலில் நுழைந்த படகு, அலையடிக்காத அமைதியான நீரில் துடுப்புப் போட்டுக்கொண்டே நகரத்தின் கொல்லைப்புறத்துக்கு வந்துவிடலாம்.

ஆனால் அந்த வாசலில் பெரிய போர்க்கப்பல் நுழைய முடியாது. மணல்திட்டும் ஆழக்குறைவும் அதை விடாது. எதிரி கப்பலை வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில்தான் ஆட்களை உள்ளே அனுப்பியாக வேண்டும். சிறு படகை விரட்டப் பெரிய கோட்டை தேவையில்லை, சரியான இடத்தில் சில பீரங்கிகள் போதும். கோட்டையின் அளவை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

1569-இல் அங்கே போட்டது மரக் காவல் கோபுரம் ஒன்று. கப்பல் தெரிந்தால் நகரத்துக்கு ஆள் அனுப்பிச் செய்தி சொல்வது மட்டுமே அதன் வேலை. செய்தி சொல்லும், தடுக்காது. 1683-இல் கடற்கொள்ளையர் வந்து அந்தக் காவலர்களையே பிடித்துக்கொண்டபோது, பார்வை மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. அப்படியும் கல்கோட்டை வர இன்னும் அரை நூற்றாண்டுக்குமேல் ஆனது. ஒரு முற்றுகை வந்தால்தான் கஜானா திறக்கும்போல.

அந்த முற்றுகை 1740-இல் வந்தது. ஜார்ஜியா ஆளுநர் ஜேம்ஸ் ஓகிள்தோர்ப் நகரத்தை 39 நாள் சுற்றிவளைத்தார், மாத்தான்சாஸ் வழியையும் அடைத்தார். நகரத்தில் உணவு தீரும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் கியூபாவிலிருந்து வந்த உணவுக் கப்பல்கள் தெற்கிலிருந்து சரக்கைச் சேர்த்ததால் மூச்சு வந்தது, ஆங்கிலேயரும் விலகினார்கள். புளோரிடா ஆளுநர் மனுவேல் தெ மோந்தியானோ அந்த ஆண்டே கோட்டை வேலையைத் தொடங்கிவிட்டார். பொறியாளர் பெத்ரோ ரூயிஸ் தெ ஒலானோ. உடலுழைப்பு முழுதும் கைதிகள், அடிமைகள், கியூபாவிலிருந்து வந்த சிப்பாய்கள் ஆகியோருடையது. பொறியாளர் பெயர் ஏட்டில் நிற்கிறது. சேற்றில் இடுப்பளவு நின்றவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. கோட்டையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

அஸ்திவாரம், கல், சாந்து மூன்றையும் பற்றிச் சொல்கிறேன்.

சதுப்பில் நேரடியாகக் கல் வைத்தால் அது இறங்கிக்கொண்டே போகும். அதனால் முதலில் பைன் மரங்களை முளையாக அடித்து இறக்கியிருக்கிறார்கள். மரத்தைச் சேற்றில் புதைத்தால் அழுகிப்போகாதா என்று பலரும் கேட்பார்கள். அழுகல் உண்டாக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். எப்போதும் நீரில் ஊறிய சேற்றுக்குள் காற்று கிடையாது, ஆகவே அங்கே மரம் நூற்றாண்டுக்கணக்கில் கிடக்கும். உப்புநீரில் மரத்தைக் குடையும் கப்பல்புழுவுக்கும் திறந்த தண்ணீர் வேண்டும், சேற்றுக்குள் அது வாழாது. ஆபத்தெல்லாம் முளையின் தலைப்பகுதிக்குத்தான். ஓதம் இறங்கும்போது காய்ந்து, ஏறும்போது நனைந்து, மாறிமாறி நடக்கும் இடத்தில் மரம் தலைமுறை தாண்டாது. எனவே முளையின் தலையை நீர்மட்டத்துக்குக் கீழேயே சமமாக அறுத்துவிட்டு அதன்மேல் கல்வரிசை தொடங்குவதே எங்கும் சரியான முறை. பிற்காலத்தில் கரையின் சேறு அரித்துப்போய் முளை வெளியே தெரிந்தால் கேடு அன்றே தொடங்கும்.

கல் கொக்கீனா. தோனாக்ஸ் என்ற சிறு மட்டியின் ஓடுகள் கோடிக்கணக்கில் குவிந்து, அவற்றிலிருந்தே கரைந்த சுண்ணத்தால் ஒட்டிக்கொண்ட படிவுப்பாறை அது. கையில் எடுத்தால் ஓட்டுச்சில்லுகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். நகத்தால் நெம்பினால் ஒன்றிரண்டு உதிரும். நடுவே ஊசி நுழையும் அளவுக்குக் காற்றிடைவெளிகள். அரிசிப்பொரி உருண்டையைக் கல்லாக்கினால் எப்படியிருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

பூமியிலிருந்து வெட்டும்போது ஈரமாக இருக்கும், கோடரியாலேயே செதுக்கலாம். வெளியே போட்டால் உள்ளிருக்கும் சுண்ணநீர் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும்போது சுண்ணத்தைப் படியவிட்டுவிட்டுப் போகும், மேலோடு இறுகும். சான் மார்கோஸுக்கு 1672 முதல் 1695 வரை நிதானமாக வேலை நடந்தது, கல்லைக் காயவிட நேரம் இருந்தது. மாத்தான்சாஸ் இரண்டே ஆண்டில் முடிந்தது. நீண்ட உலர்த்தலுக்கு அங்கே இடமிருந்திருக்காது என்பது என் கணிப்பு. முழுதும் இறுகாத கல்லைக் கட்டினாலும் சுவரிலேயே இறுகும், ஆனால் அந்தக் காலத்தில் மேற்பூச்சை மிக கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு சிப்பி ஓட்டிலிருந்து வந்தது. அந்தக் கழிமுகங்களில் சிப்பிக்குப் பஞ்சமே இல்லை. காளவாயில் விறகும் ஓடும் அடுக்கடுக்காகப் போட்டு 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட வேண்டும். 100 கிலோ ஓட்டில், கரியமில வாயு போனபின், அதிகபட்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சூடு போதாவிட்டால் ஓட்டின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும், அது நீற்றும்போது கரையாமல் சாந்தில் கட்டியாகக் கிடக்கும். ஓட்டைக் கழுவாமல் சுட்டாலோ, உப்புக்கரை மணலை அப்படியே கலந்தாலோ, பின்னால் சுவரில் உப்பு பூத்து மேற்பூச்சைத் தள்ளும். கடலோரக் கட்டுமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தொல்லை இந்த உப்பிலிருந்துதான் தொடங்கும்.

சுவருக்கு வெளியே சுண்ணாம்புப் பூச்சு பூசியிருந்தார்கள். அழகுக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. மழைநீரில் லேசான அமிலம் உண்டு, அது சுண்ணத்தைக் கரைக்கும். பூச்சு இருந்தால் பூச்சு கரையும், சில ஆண்டுக்கொருமுறை திரும்பப் பூசிக்கொள்ளலாம். பூச்சு போய்விட்டால் கல்லே கரையும்.

---

பீரங்கிமேடு எழுதியது:

கொக்கீனாவின் பெருமை பீரங்கிக் குண்டை விழுங்குவதில் இருக்கிறது. கருங்கல்லில் அடித்தால் விரிசல் ஓடிச் சில்லு தெறிக்கும். கொக்கீனாவில் குண்டு பட்ட இடத்து ஓடுகள் மட்டும் நொறுங்கி அமுங்கும், விரிசல் ஓடக் காற்றிடைவெளிகள் வழிவிடாது. மாத்தான்சாஸ் கோட்டை இத்தனை ஆண்டு ஆங்கிலேயர் குண்டுகளைத் தாங்கியதற்கு இதுவே காரணம்.

பீரங்கிக் கணக்கையும் சொல்கிறேன். ஐந்தில் நான்கு ஆறு பவுண்டர், அதாவது ஆறு பவுண்டு எடைக் குண்டைச் சுடுபவை; ஒன்று பதினெட்டு பவுண்டர். ஸ்பானியப் பவுண்டான லிப்ரா ஏறத்தாழ 460 கிராம். எனவே சின்னக் குண்டு 2.76 கிலோ, பெரிய குண்டு 8.28 கிலோ வரும். முகத்துவாரம் அன்று கோட்டையிலிருந்து அரை மைலுக்குள், அதாவது 800 மீட்டருக்குள் இருந்தது. ஐந்தும் அங்கே எட்டும். படகின் மரப்பலகையைத் துளைக்க ஆறு பவுண்டரே அதிகம். பதினெட்டு பவுண்டர் வெளியே நிற்கும் கப்பலுக்கு, நெருங்காதே என்று எச்சரிக்க.

ஏழு பேர் ஐந்து பீரங்கியை எப்படி இயக்குவார்கள் என்று கேட்பீர்கள். ஒரே நேரத்தில் இயக்க முடியாது. பதினெட்டு பவுண்டரை மட்டும் சுடும் ஒவ்வொரு முறையும் பின்னுதைப்புக்குப்பின் முன்னே இழுத்து நிறுத்தவே நாலைந்து பேர் வேண்டும். குழாய் துடைப்பவர், மருந்துப்பை திணிப்பவர், குண்டு போடுபவர், குறிபார்த்துத் தீ வைப்பவர் என்று வேலை பிரியும். பயிற்சி பெற்ற பீரங்கிக்காரர் இருவர் குறியையும் மருந்தையும் பார்க்க, காலாட்கள் கயிறு இழுப்பார்கள். ஆக ஒரு நேரத்தில் ஒன்று, முக்கினால் இரண்டு. சேர்ந்தாற்போல் ஐந்தும் முழங்க வேண்டுமென்றால் நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். நெருக்கடியில் 50 பேர் வரை வைத்துக்கொள்ளும்படிதான் திட்டம்.

---

காயல்கரை எழுதியது:

@பீரங்கிமேடு, பீரங்கிக் கணக்கு சரி. ஆனால் குண்டு தாங்கிய விஷயத்தைத் திருத்தியாக வேண்டும். நீங்கள் சொல்லும் குண்டடி பட்டது சான் மார்கோஸ் கோட்டை. 1702-லும் 1740-லும் அதைத்தான் சுட்டார்கள். மாத்தான்சாஸ் கோட்டை எதிரியை நோக்கிச் சுட்ட ஒரே சந்தர்ப்பம் 1742 செப்டம்பர். ஓகிள்தோர்ப் 12 கப்பல்களோடு வந்தார், கட்டடவேலை முடியும் தறுவாயில் இருந்தது. ஆழம் பார்க்க முன்னே வந்த படகுகளைக் கோட்டைப் பீரங்கி விரட்டியது. படகு போகாத இடத்துக்குக் கப்பலும் போகவில்லை, அப்படியே திரும்பிவிட்டார்கள். இந்தச் சுவரில் முற்றுகைப் பீரங்கியின் குண்டு எதுவும் பதியவில்லை.

1740-இல் சான் மார்கோஸ்மீது வந்த குண்டுகளும் அனஸ்தாசியா தீவிலிருந்து, நீருக்கு அப்பாலிருந்து வந்தவை. தொலைவு கூடக்கூடக் குண்டின் வேகம் தேயும். கல்லின் குணம் பாதிக் காரணம், தொலைவு மீதிக் காரணம்.

---

பீரங்கிமேடு எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி சார். இரண்டு கோட்டையையும் கலந்து எழுதிவிட்டேன்.

---

கோட்டைத்தேடல் கேட்டது:

அருமை. இன்னும் இரண்டு சந்தேகம். அந்த ஏழு பேர் உள்ளே எப்படி வாழ்ந்தார்கள்? குடிநீர்? சண்டையே காணாத கோட்டை என்றால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படங்களில் சுவர் பிளந்து நிற்கிறதே, அது எப்படி?

---

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

வாழ்க்கை முதலில். ஒரு மாதம் காவல், பிறகு நகரத்துக்குத் திரும்பிவிடலாம். நகரப் படைப்பிரிவிலிருந்து முறைவைத்து ஆள் மாற்றினார்கள். கோட்டைக்குத் தரைமட்டத்தில் கதவு கிடையாது. ஏணி வைத்துப் பீரங்கித் தளத்துக்கு ஏற வேண்டும், ஆபத்து வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள். தளத்தின் ஒருபக்கம் கோபுரம். கோபுரத்தின் கீழறை சிப்பாய்களுக்கு: படுக்கை, அடுப்பு, சாப்பாடு எல்லாம் அங்கேயே. அதற்கு மேலே வளைவுக்கூரை போட்ட அறை அதிகாரிக்கு, அதை ஒட்டி வெடிமருந்து அறை. மருந்தை ஈரத்துக்கு மேலே, அதிகாரியின் கண்பார்வையில் வைப்பது காரணத்தோடுதான். ஈரம் பட்ட மருந்து புகையுமே தவிர வெடிக்காது. அங்கிருந்து செங்குத்தான குறுகிய ஏணியில் மொட்டைமாடிக்குப் போனால் முகத்துவாரம் முழுதும் கண்ணில் விழும். தளத்தின் ஒரு மூலையில் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது காவல்கூண்டு, கரீட்டா என்பார்கள்.

குடிநீர் மழைநீர்தான். சுற்றிலும் உப்புத்தண்ணீர், எங்கே தோண்டினாலும் கரிக்கும். மேல்தளத்தில் விழும் மழையைக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் தொட்டிக்கு இறக்கினார்கள். அந்தத் தொட்டியில் வெடிப்பு விழுந்தால் இரட்டைக் கேடு: குடிக்க நீரும் போகும், கசிந்த நீர் சுவருக்குள்ளும் இறங்கும்.

இனி பிளவு. 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையால் புளோரிடா ஆங்கிலேயருக்குப் போனது, 1783 உடன்படிக்கைக்குப்பின் ஸ்பெயினுக்குத் திரும்பியது. அதன்பின் ஸ்பெயினுக்குப் பணமும் இல்லை, அக்கறையும் குறைந்தது. 1821-இல் அமெரிக்கா பொறுப்பேற்றபோது உள்ளே ஆள் தங்க முடியாத நிலை. அமெரிக்கா ஒருநாளும் அங்கே படை வைக்கவில்லை. ஒரு நூற்றாண்டு மழை, உப்பு, வேர்.

பூச்சு உதிர்ந்தால் நீர் மூட்டுக்குள் போகும். மூட்டுச் சாந்து கரைந்த இடத்தில் தூசு சேரும், விதை விழும். வேர் மெல்லியதாக நுழைந்து உள்ளே பருக்கும். மொட்டைமாடியின் நீர்ப்போக்கி அடைத்துக்கொண்டால் தேங்கும் நீர் வளைவுக்கூரையின் தோளில் இறங்கும். இது மேலிருந்து வரும் சேதம். கீழிருந்து வருவது வேறு. கோபுரம் நிற்கும் பக்கம் கனம் அதிகம், பீரங்கித் தளத்தின் பக்கம் குறைவு. சதுப்பில் இரண்டும் ஒரே அளவாக இறங்காது. இறக்கம் மாறுபடும்போது சுவர் மேலிருந்து கீழாகச் செங்குத்தாகப் பிளக்கும். நீங்கள் படத்தில் பார்த்த பிளவுகள் அந்த ஜாதிதான்: மூன்று இடத்தில் செங்குத்துப் பிளவு. குறுக்காகப் படுத்த வெடிப்பாக இருந்தால் வேறு காரணம் தேடலாம், செங்குத்து என்றால் முதல் சந்தேகம் அஸ்திவாரத்தின்மேல்.

1916-இல் போர்த்துறை பழுதுபார்க்கத் தொடங்கியது. 1924-க்குள் அந்த மூன்று பிளவையும் சரிசெய்து கட்டடத்தை நிலைப்படுத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிப்பு வந்தது. 1933-இல் பராமரிப்பு தேசியப் பூங்காத் துறைக்கு மாறியது.

இதுபோன்ற கல்லில் வேலை செய்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மூட்டில் போர்ட்லாண்ட் சிமெண்ட் வைக்காதீர்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி, நீரையும் மூச்சுவிட விடாது. உள்ளே மாட்டிய ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும். போகும்போது உப்பைக் கல்லின் தோலுக்கு அடியில் படியவிடும், உப்புப் படிகம் வளர்ந்து தோலைத் தள்ளும். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் சிமெண்ட் மூட்டு தேன்கூட்டின் சுவர்போல நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவே கல் குழிந்து போயிருக்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது சாந்தாக இருந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம், கல் தேய்ந்தால் திரும்ப வராது.

---

காயல்கரை எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நேரில் போகிறவர்கள் மாடியில் நின்று, "முகத்துவாரம் இவ்வளவு தள்ளியா இருக்கிறது, குண்டு எப்படி எட்டியிருக்கும்?" என்று குழம்புவார்கள். இன்று நீங்கள் பார்ப்பது 1742-இன் முகத்துவாரம் இல்லை. அலைத்தடுப்புச் சுவர் போட்டு நிறுத்தாத முகத்துவாரம் அது. கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து மணலைக் கொண்டுவந்து அனஸ்தாசியாவின் முனையை நீட்ட, வாய் தெற்கே நகர்ந்துவிட்டது. கோட்டை இருந்த இடத்தில் இருக்கிறது, அது காவல் காத்த வாசல்தான் நகர்ந்தது.

தீவுக்குப் பாலம் இல்லை. அனஸ்தாசியா பக்கத்திலிருந்து பூங்காத் துறையின் படகு போகிறது, கட்டணம் கிடையாது, ஆனால் இடம் குறைவு. இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். மாடிக்குப் போகும் ஏணி ஓர் ஆள் மட்டும் நுழையும் துளை வழியாக ஏறுகிறது, முதுகுப்பை போட்டுக்கொண்டு போக வேண்டாம். சுவரில் சாயாதீர்கள், கொக்கீனா சட்டையோடு உதிரும்.

---

கோட்டைத்தேடல் எழுதியது:

வாசல் நகர்ந்த விஷயம்தான் எனக்கு விடுபட்டிருந்த கண்ணி. இன்றைய வரைபடத்தை வைத்து 800 மீட்டரை அளந்துகொண்டிருந்தேன், அதனால்தான் கணக்கு உதைத்தது. 18-ஆம் நூற்றாண்டு வரைபடத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்துவிட்டு, கரைக்கோடு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இதே இழையில் போடுகிறேன். அனைவருக்கும் நன்றி.